வில்மா வாங்கிய தராசு

எங்கள் மொன்டானாச் சிற்றூரில் தீயணைப்பு நிலையம் நடத்தும் துப்பாக்கி சுடும் போட்டியின் பரிசு வான்கோழி, மூன்று வருடமாக டோரீனுக்கே போய்க்கொண்டிருந்தது. அது வேகும் வாசனை வேலி தாண்டி வரும்போதெல்லாம், பள்ளிப் பேருந்து ஓட்டும் பக்கத்து வீட்டு வில்மாவுக்கு வயிறு எரியும். டோரீன் கடைத்தோட்டா வாங்குவதில்லை; சுட்டபின் மிஞ்சும் பித்தளைத் தோட்டாக் குப்பிகளில் வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வாள். அதற்காக, கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டாவாகக் கொட்டும் பெரிய நீல பிரஸ் ஒன்று அவள் கொட்டகையில் நிற்பதை வில்மா பார்த்திருந்தாள்.

இந்த வருடம் விடுவதில்லை என்று துப்பாக்கிச் சாமான் விற்கும் கிளீட்டஸ் கடைக்குப் போனாள்.

"டோரீன்கிட்ட இருக்கே, அதே பிரஸ் குடு."

"புதுசா பழகறவளுக்கு அது எதுக்கு? ஒவ்வொண்ணா அழுத்துற சின்ன பிரஸ், வெடிமருந்து நிறுக்க நல்ல தராசு, தோட்டா நீளம் அளக்க காலிப்பர். இப்போதைக்கு இது போதும்."

"ஏன், பெருசெல்லாம் அவளுக்கு மட்டும்தானா?"

பின்னால் சிரிப்புச் சத்தம். டோரீனேதான்.

"அந்தப் பூதத்தையா கேக்கற? அது சும்மா சுட்டுப் பழகற தோட்டாவுக்குடி! போட்டித் தோட்டாவெல்லாம் சின்ன பிரஸ்லதான், ஒவ்வொண்ணுக்கும் மருந்தை நிறுத்து நிறுத்துப் போடுவேன்."

மூன்று வருடமாகத் தப்பான மிஷினைப் பார்த்தா வெந்தோம்? வில்மாவுக்கு முகம் சிவந்தது. டோரீன் துப்பாக்கி எண்ணெய் டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியேறியதும் கிளீட்டஸ் பக்கம் திரும்பினாள்.

"சரி, சின்னதையே குடு. அவ தராசு எது?"

கிளீட்டஸ் கையைக் காட்டினான்.

"அது வேணாம். அதைவிட ஒசத்தியா ஒண்ணு எடு."