செல்வத்தின் வலது கையோடு பத்து பாகாட்டுக்கு

பத்து பாகாட்டில் எலும்பு பார்க்கும் சீன வைத்தியரான சின்சேயிடம் எப்படிப் போவது என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு அவ்வப்போது கடிதம் வரும். போனதில்லை என்பதால் பதில் எழுதியதில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். கை முறிந்தது எனக்கல்ல, என் தங்கை மல்லிகாவின் கணவர் செல்வத்துக்கு.

செல்வத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பெர்மாஸ் ஜெயாவில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்து போய்வருவார். நாங்கள் கிளம்பியதற்கு ஒன்பது நாள் முன்பு, மழையில் பெட்ரோல் நிலையத்துக்குள் திரும்பும்போது சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. அரசாங்க மருத்துவமனையில் எலும்பை நேராக்கி, வீக்கம் வடியும்வரை போதுமென்று ஒரு பக்கத்துக்கு மட்டும் சிமெண்டு வைத்து, மேலே துணிப்பட்டை சுற்றி அனுப்பினார்கள். (மாவுக்கட்டுக்கு எங்கள் ஊரில் சிமெண்டு என்றுதான் பெயர்.) மொத்தம் ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

செல்வம் தன் சூப்பர்வைசரிடம் மூன்று வாரம் என்று சொல்லியிருந்தார். அவருடைய வேலை பர்மிட் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குள் ஃபோர்க்லிஃப்டில் உட்காரவில்லை என்றால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. பத்து பாகாட் சின்சே சிமெண்டை அறுத்தெடுத்து, பச்சிலை வைத்துக் கட்டி, மூன்றே வாரத்தில் வேலைக்கு அனுப்புவார் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொல்லிவிட்டார்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முப்பது வயதில், வெள்ளச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில் விழுந்து இடது முழங்கையை முறித்துக்கொண்டேன். பதினெட்டாம் நாள் சிமெண்டை அறுத்துவிட்டு ஒருவரிடம் எண்ணெய்க் கட்டு போட்டேன். அந்தக் கை இன்றுவரை முழுதாக நீளாது. இதைச் செல்வத்திடம் சொன்னேன்.

"மச்சான், உங்க முழங்கைய காட்டி என்னைய பயமுறுத்தாதீங்க. அது அந்தக் காலத்து ஆளு செஞ்ச வேல," என்றார்.

தனியாக அனுப்ப மல்லிகாவுக்கு மனமில்லை. அதனால் கூடப் போனேன்.

காலை 7.20க்கு வாடகைக் காரில் கிளம்பினோம். லார்க்கின் பேருந்து நிலையத்துக்கு 25 நிமிடம், 16 ரிங்கிட். 8.30 பேருந்து, ஆளுக்கு 13 ரிங்கிட் 50 சென். தூரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கையில் கட்டோடு போகிறவர்கள் அந்தக் கை ஜன்னல் பக்கம் வருமாறு இருக்கை கேட்டு வாங்குங்கள். நடைபாதைப் பக்கம் இருந்தால் போகிற வருகிற பையெல்லாம் அதன்மேல்தான் படும்.

வழியிலுள்ள ஆயர் ஈத்தாம் ஊரைத் தாண்டும்போது செல்வத்தின் விரல்களைக் கவனித்தேன். பருத்து, தோல் இழுத்துப் பளபளத்தன. நிறமும் சரியில்லை. நாற்பது வருடம் நிருபராகக் கேள்வி கேட்டே பிழைத்தவன் நான். அன்று கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு முறை பேசி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

10.40க்கு இறங்கினோம். சின்சேயின் கடை பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. முன்பக்கம் மருந்து டப்பாக்கள், பின்பக்கம் ஒரு மர பெஞ்சு. எங்களுக்கு முன்னால் கணுக்கால் பிசகிய ஒரு மலாய்ப் பெண்மணி மட்டும் இருந்தார். சின்சேக்கு எழுபது வயதிருக்கும். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம்; அங்கே பழகிய தமிழில் பேசினார்.

செல்வம் கையை நீட்டினார். சின்சே சிமெண்டைத் தொடவில்லை. கட்டைவிரல் நகத்தை அழுத்தி, பிடியை விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் வெகுநேரம் வெளுப்பாகவே இருந்தது. பிறகு குனிந்து துணிப்பட்டையை முகர்ந்தார்.

"யார் இப்படி கட்டினது?"

"ஆஸ்பத்திரியில, தௌக்கே," என்று முதலாளி முறை வைத்துச் சொன்னார் செல்வம்.

"பொய் சொல்லாத லா. ஆஸ்பத்திரி எண்ணெய் போட்டு கட்டாது."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. செல்வம் தினமும் சாயங்காலம் துணியை அவிழ்த்து, காயத்துக்குப் பூசும் கடல் அட்டை எண்ணெய் தடவி, மறுபடி தானே சுற்றியிருக்கிறார், முந்தின நாளைவிட இறுக்கமாக. இறுக்கினால் எலும்பு சீக்கிரம் ஒட்டும் என்று நினைத்தாராம். மூன்று நாளாக விரல்கள் மரத்துப்போயிருந்தன. முந்தின நாள் மருத்துவமனைக்கு மறுபடி எக்ஸ்ரே படம் எடுக்கப் போக வேண்டியது. போய்விட்டு வந்ததாக மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறார், போகவில்லை.

சின்சே துணியைத் தோல் தெரியும்வரை தளர்த்தினார். சிமெண்டுப் பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

"சிமெண்டு அறுக்கிற ஆளுதான் நான். இத அறுக்க மாட்டேன். எலும்பு கோணலா போனா எவனாவது நேராக்குவான். விரலு போயிட்டா எந்த சின்சேயும் புதுசு வைக்க முடியாது. இப்பவே ஆஸ்பத்திரி போ."

காசு வாங்கவில்லை. வாடகைக் காரை அவரே கூப்பிட்டுக் கொடுத்தார்.

பத்து பாகாட் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதிவுக்கு ஒரு ரிங்கிட். 11.35க்கு உள்ளே எடுத்தார்கள். புதுப் படத்தில் எலும்பு விலகியிருந்தது. பணியிலிருந்த பெண் டாக்டர், கட்டு அதே இறுக்கத்தில் இன்னும் சில மணி நேரம் இருந்திருந்தால் கத்தி வைக்க வேண்டியிருந்திருக்கும், விரல்களுக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார். ஊசி போட்டு எலும்பை மறுபடி இழுத்து வைத்தார்கள். ஆறு வாரத்தை இன்றிலிருந்து எண்ணுங்கள் என்றார் டாக்டர். ஒன்பது நாளும் வீண்.

மூன்றரை மணிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்வம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். இடது கையால் ஃபோனைப் பிடித்து, ஆறு வாரம், அதற்கு மேலும் ஆகலாம், முதலில் சொன்னது தப்பு என்று சொல்லி முடித்தார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. செல்வம் "புரியுது" என்று மூன்று தடவை சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு என்னிடம், "வேற ஆளு போட்டுட்டாங்க, மச்சான். நேத்தே," என்றார்.

5.15 பேருந்தில் திரும்பினோம். ஆயர் ஈத்தாம் வரும்போது செல்வம், கட்டைவிரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். நல்லதுதான், உணர்ச்சி திரும்பினால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினேன்.

வழி கேட்டவர்களுக்கு: வழி மேலே இருக்கிறது, அந்தச் சின்சேயைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கிளம்புமுன் விரல்களைப் பாருங்கள். மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ, வலி நாளுக்கு நாள் ஏறினாலோ பத்து பாகாட் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். துணிப்பட்டையை நீங்களே அவிழ்த்துக் கட்டாதீர்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள். குறித்த நாளில் படம் எடுக்கப் போங்கள். கூடப் போகிறவர்களுக்கும் ஒன்று: கண்ணில் பட்டதை வாய் திறந்து கேளுங்கள். நான் பத்து பாகாட் வரும்வரை சும்மா உட்கார்ந்து வந்தேன்.

இது நான்காவது வாரம். செல்வத்துக்கு வேறு வேலை இன்னும் அமையவில்லை. நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல்களால் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டிருந்தார். ஆறு பொத்தான், ஐந்து நிமிடம். மல்லிகா உதவப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அடுத்த பொத்தானைப் பிடித்தார்.