சத்தம் போடாத பக்கம்

பேருந்து நிலையத்தில் வண்டி வரும் நேரம், கிளம்பும் நேரம் அறிவிப்பவருக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் ஸ்பீக்கர். மைக் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவருக்கு ஒரே குரல்தான். தாமதமாகும் வண்டிக்கு அவர் சாக்குச் சொல்லும் அழகில், காத்திருப்பவர்களுக்கே டிரைவர்மேல் இரக்கம் வந்துவிடும். தூக்கத்தில்கூட வண்டி கிளப்புவார் என்பாள் மகள். அதில் பாதி உண்மை.

அன்று காலை, "மூன்றாம் நடைமேடையில்" என்றவருக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. வாய் திறந்திருந்தது, வார்த்தைதான் கிளம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் சேதி காதுக்கு எட்டியதும் மகள் அவரைக் கையோடு மருத்துவமனைக்கு இழுத்துவந்துவிட்டாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைக்காமல் தாடைக்குக் கீழே, கழுத்தில் வைத்தார்.

"இதயம் இன்னும் கீழ இருக்கும்மா," என்றார் ஸ்பீக்கர்.

"தெரியும் சார். மூளைக்கு ரத்தம் போற குழாயைக் கேக்கறேன். மூச்சைப் பிடிங்க, பேசாதீங்க."

"பேசாம இருக்கறதுன்னா எனக்கு..."

"அப்பா," என்றாள் மகள். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இரண்டு பக்கமும் கேட்டார். "வலது பக்கம் சத்தம் வருது."

"சத்தியமா நான் பேசலைம்மா."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "குழாய் குறுகிட்டா ரத்தம் முட்டி மோதிப் போகும். அப்ப உஸ்ஸுன்னு கேக்கும்."

"இடது பக்கம்?" என்றாள் மகள்.

"ஒண்ணும் கேக்கல."

"அது சமத்துப் புள்ள," என்று எழுந்தார் ஸ்பீக்கர். "மாத்திரை எழுதுங்க. மதியம் டூட்டி இருக்கு."

"உக்காருங்க சார். ரொம்ப அடைச்சுக்கிட்டாலும் சத்தம் வராது. பேச்சு மூளையோட இடது பக்கத்து வேலை. அது நின்னுச்சுன்னா எனக்குச் சந்தேகமே இடது குழாய் மேலதான். ஸ்கேன் பாத்தாத்தான் தெரியும். அடுத்த தடவை பேச்சு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

அவர் உட்கார்ந்தார்.

ஸ்கேனில் வலது குழாய் பாதி குறுகியிருந்தது. சமத்துப் பிள்ளையிலோ ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி. அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். அடைப்பை எடுக்க இந்த வாரமே ஆபரேஷன் என்றார்கள்.

படுத்தவர் வாயைத் திறக்கவில்லை. மகள் போர்வையை இழுத்துவிட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டாள்:

"ஏதாவது பேசுங்கப்பா."

"இரும்மா. டீ கேட்டா குடுப்பாங்களான்னு யோசிக்கறேன்."

அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேளுங்க. மெதுவா."

மெதுவாகத்தான் கேட்டார். அடுத்த வார்டிலிருந்து யாரோ, "எங்களுக்கும் ரெண்டு," என்றார்கள்.