தேவதர்ஷினி சாய்ந்த பக்கம்

பக்ருன்னிசாவின் ஸ்டிக்கர் கடை திண்டுக்கல் பழனி ரோட்டில் இருக்கிறது. லாரி, வேன், கபடி பனியன் எல்லாவற்றுக்கும் எழுத்து வெட்டித் தருகிறார். அவரே கம்ப்யூட்டரில் வரைந்த ஓர் எழுத்து உண்டு. தடித்தது, வலப்பக்கம் சாய்ந்தது, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் செங்கல் வைத்ததுபோலப் பட்டையான பாதம். ஓடுகிற வண்டியிலும் தூரத்திலிருந்தே படிக்கலாம். அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் முடிவு. அப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அதைக் கேட்ட ஒருவரை, "உங்கப்பா எங்க ஓடுறாரு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

சென்ற மாதம் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிக்காரர் பெருமாள்சாமி, புது லாரியின் இரு பக்கமும் மகள் தேவதர்ஷினியின் பெயரை அந்த எழுத்தில் ஒட்டிக்கொண்டு போனார். மறுநாளே திரும்பி வந்தார்.

"ஏனுங்க, டிரைவர் பக்கம் எம்பொண்ணு முன்னால பாயறா. கிளீனர் பக்கம் மல்லாந்து கெடக்கறா. என்னங்க இது?"

அவர் சொன்னது சரிதான். வலப்பக்கத்தில் வண்டியின் முகப்பை நோக்கிச் சாயும் எழுத்து, இடப்பக்கத்தில் பின்கதவை நோக்கிச் சாயும். அதனால் லாரிக்கு எழுதுகிறவர்கள் இடப்பக்கம் நேர் எழுத்துதான் வைப்பார்கள். பக்ருன்னிசாவுக்கும் இது தெரியும். ஆனால் தன் எழுத்தை நிமிர்த்த அன்று மனம் வரவில்லை.

"நேரா வெட்டித் தாரேண்ணே."

"நேரா வெச்சா வண்டி நிக்கற மாதிரி இருக்குமுங்க. முன்னால சாயோணும்."

"இடது பக்கம் சாச்சா அது மூக்கணாங்கயித்த இழுத்த மாடு. நான் வெட்ட மாட்டேன்."

"ஆண்டனிராஜ் வெட்டுவானுங்க."

"அவன் தலைகீழாக்கூட வெட்டுவான். போங்க."

ஆண்டனிராஜின் கடை நாலு கடை தள்ளி. மாலைக்குள் இடப்பக்கத்து எழுத்தைப் படமெடுத்து, சாய்வை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டார். பாதங்கள் வழுக்கி விழப்போவதுபோல் இருந்தன. பக்ருன்னிசா போய் லாரியின் முன்னால் நின்றார்.

"டிரைவர் பக்கம் இருக்கிறதையும் உரிங்கண்ணே. ரெண்டையும் நான்தான் வெட்டுனேன்னு ஊரே காறித் துப்பும்."

"அது நல்லாத்தானே இருக்குதுங்க. எதுக்கு உரிக்கோணும்?"

"என் எழுத்து."

"எம்பொண்ணு பேருங்க."

கூட்டம் கூடிவிட்டது. பக்ருன்னிசா டிரைவர் பக்கம் போய் எம்பி, முதல் எழுத்தின் பாதத்தை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. மறுபடி சுரண்டினார். நகம்தான் உடைந்தது.

"நல்லா ஒட்டியிருக்கறீங்க," என்றார் பெருமாள்சாமி. யாரோ சிரித்தார்கள்.

பெருமாள்சாமியின் மற்ற மூன்று லாரிகளும் இப்போது ஆண்டனிராஜிடம்தான் போகின்றன. தேவதர்ஷினி வாரம் இருமுறை திண்டுக்கல் வருகிறது. வரும்போது இடப்பக்கம் பக்ருன்னிசாவின் கடையை ஒட்டிப் போகும். பெருமாள்சாமி அங்கே மட்டும் நீளமாக ஹாரன் அடிப்பார். பக்ருன்னிசா தலை நிமிர்வதில்லை. திரும்பும்போது வண்டி எதிர்ச்சாரியில் போகும், வலப்பக்கம் தெரியும். அப்போது ஹாரன் கிடையாது. பக்ருன்னிசா ஸ்டிக்கர் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அது கண்ணை விட்டு மறையும்வரை பார்க்கிறார்.