சீட்டின் உயரம்

அப்பா இடுப்பெலும்பு முறிந்து, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் கார் வாங்கக் கிளம்பினோம். அதைத் தெருவே பாசம் என்று நினைத்துக்கொண்டது. நானும் மறுக்கவில்லை.

அவர் வாய்க்குப் பூட்டுப் போட ஆள் பிறக்கவில்லை. கடமலைக்குண்டில் என் கொழுந்தியாள் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டே, இந்தச் சோற்றை மாடு தின்னுமா என்று சத்தமாகக் கேட்டார். என் மாமனார் சாம்பார் வாளியோடு எதிரில் நின்றுகொண்டிருந்தார். மனைவி அன்று அழுத அழுகைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

தேனி ஷோரூமில் எங்கள் கைக்கு அடங்குகிற மாதிரி இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டும் சின்ன எஸ்யூவிதான். முதல் வண்டி கொஞ்சம் தாழ்வு. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பி, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சனிக்கிழமைதோறும் குச்சனூர் கோயிலுக்குப் போகலாம், வழியில் சின்னமனூர்க் கூட்டாளி வீட்டிலும் ஒரு எட்டு நிறுத்தலாம் என்று சேல்ஸ்மேனிடம் திட்டம் போட்டார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி எந்த விசேஷ வீட்டுக்கும் இந்த வாய் நம்மோடு வரும்.

அடுத்த வண்டி நாலு விரல் உயரம் கூடுதல். கதவைப் பிடித்துக் காலைத் தூக்கினார், எட்டவில்லை. மறுபடி தூக்கினார். வேட்டி அவிழ்ந்தது. சேல்ஸ்மேன் ஸ்டூல் எடுக்க ஓடினார். வேண்டாம் என்று கை காட்டினேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, மொதல்ல பாத்ததே போதும்ல?" என்றார், வேட்டியை இறுக்கிக்கொண்டே. அவர் என்னிடம் பணிந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமனார் ஊர் ரோட்டுப் பள்ளத்துக்கு அது தாங்காது என்றேன். அந்த ரோட்டில் மினி பஸ்ஸே குலுங்காமல் போகிறது. உயரமான வண்டிக்கே புக்கிங் போடச் சொன்னேன். மனைவி நிறத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.

வண்டி வந்த அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். அப்பா சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். தம்பி உங்களுக்காகத்தானே வண்டி எடுத்தது, ஏறவில்லையா மாமா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டது. அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றிப் பழக்கமே இல்லாத மனிதர் அவர்.

"எனக்குக் காருன்னாலே கொமட்டும் தாயி. எம்மகன் கூப்பிடத்தேன் செஞ்சான், நாந்தேன் மாட்டேன்னுட்டேன்."

நான் கூப்பிடவில்லை. அவருக்குக் குமட்டலும் கிடையாது. எஞ்சினைப் போட்ட பிறகும் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஹாரனை அழுத்தினேன்.