ஓடும் இஞ்சினில் பார்க்க வேண்டிய அளவு

யுத்த காலத்தில் பூந்தமல்லியில் ஃபிட்டராக இருந்தேன். ஆவடி ராணுவ முகாம் துரையின், கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாறும் அமெரிக்கக் காருக்கு கியர் எண்ணெய் மாற்றினேன்.

"இஞ்சின் ஓடச்சொல்லோதான் அளவு பாக்கணும் அண்ணாத்தே," என்றார் டிரைவர் முனுசாமி.

டிரைவர் எனக்குச் சொல்லித் தருவதா? லாரிக்குப் பார்ப்பதுபோல் இஞ்சினை நிறுத்தியே பார்த்து அனுப்பினேன்.

மறுநாள் முனுசாமி, துரையிடம் கேட்டு, பிரசவ வலியில் துடித்த தன் மனைவியை அதே காரில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்தார். பாரிவாக்கத்தில் கார் நின்றது. தகவல் வந்ததும் எண்ணெய் டின்னோடு ஓடினேன். இஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. இஞ்சின் ஓட ஓட அளவு பார்த்தால், நேற்று நிறைந்திருந்த எண்ணெய் குறைவாகக் காட்டியது; ஊற்றியதும் கார் நகர்ந்தது.

"கியர் பெட்டி ஒழுகுதுப்பா," என்று பொய் சொன்னேன்.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

பல மாதம் கழித்து, எண்ணெய் மாற்ற அதே காரோடு முனுசாமி என்னிடமே வந்தார். ஒழுகலைப் பற்றிக் கேட்கவில்லை. இஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, "ஓடிகினு கீது, பாத்துக்க அண்ணாத்தே," என்றார்.