அரைத்த பிரியாணியும் ஒரு கன்னடப் பாட்டும்

ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு இட்லியைச் சாம்பாரோடு மிக்சியில் அடித்து, டீ வடிகட்டியில் வடித்து எடுத்தேன். பத்து மாதமாக எங்கள் வீட்டுச் சமையல் இப்படித்தான் முடிகிறது. என் கணவர் சேகருக்கு நாக்கில் புற்றுநோய். பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள். மெல்ல முடியாது. பேசினால் எனக்கு மட்டும் ஓரளவு புரியும்.

போன வாரம், மறுபடி கட்டி தெரிகிறது என்றார் டாக்டர். மிச்ச நாக்கையும் எடுக்க வேண்டும், குரல்வளையும் போகலாம். செய்தால் கொஞ்ச காலம் கூடக் கிடைக்கலாம், உறுதி இல்லை. “செஞ்சுடலாம் டாக்டர்” என்று நான்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே இவர் போனில் தட்டி என்னிடம் நீட்டினார்: “ஞாயிறு பஃபே போலாம். பாட்டு பாடற இடமா பாரு.”

சாப்பிட முடியாதவருக்கு எதற்கு பஃபே என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல், மேடையில் பாட்டுப் பாடும் ஓட்டல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இதே நிலையில் ஒருவரை வெளியே அழைத்துப் போக நினைப்பவர்களுக்காகத்தான் விவரமாக எழுதுகிறேன்.

பெங்களூரின் ஓரத்தில் நாங்கள் இருக்கும் சந்தாபுராவிலிருந்து, ஊர் நடுவே ரெசிடென்சி ரோடு பக்கம் இருக்கும் அந்த ஓட்டல் 26 கி.மீ. மெட்ரோ மலிவு, ஆனால் வண்டி மாற வேண்டும். கூட்டத்தில் இருமல் வந்தால் கஷ்டம். அதனால் வாடகைக் கார், 740 ரூபாய், மேம்பாலச் சுங்கம் தனி. 10:50க்கு ஏறி 12:05க்கு இறங்கினோம். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மட்டும் இருபது நிமிடம் நின்றோம்.

டிரைவர் கிருஷ்ணகிரிக்காரர். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், “இன்னாக்கா, அண்ணன் வாயே தொறக்க மாட்டேங்கறாரு? காலையிலயே சண்டையா?” என்றார்.

“தொண்டை கட்டிக்கிச்சு தம்பி.”

இவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைக்கு 1,800, வரி தனி. சாப்பிடாதவருக்குச் சலுகை உண்டா என்று முதல் நாளே போனில் கேட்டிருந்தேன், இல்லை. காலையில் பட்டினி கிடந்து வந்த முகங்கள் தட்டோடு வரிசையில் நின்றன. எங்களுக்கு மேடைக்குப் பக்கத்து மேசை. கிதாரோடு ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும்.

நான் பிரியாணி அண்டாவிடம் போய், “மாஸ்டர், கறியை எலும்பில்லாம எடுத்து சோத்தோட அரைச்சுத் தர முடியுமா?” என்றேன்.

“பிரியாணிய மிக்சில போடறதா? எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரு கேட்டா கரண்டியாலயே போடுவாரு மேடம்” என்று சிரித்தார். நான் மேசையைக் காட்டினேன். இவர் தாடையில் இருக்கும் தழும்பு அங்கிருந்தே தெரியும். மாஸ்டர் கறியைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

பத்து நிமிடத்தில் ஒரு சூப் கிண்ணத்தோடு அவரே வந்தார். மேலே வறுத்த வெங்காயம்கூடத் தூவியிருந்தது. “சால்னா ஊத்தித் தளர்த்தியிருக்கேன். ரெண்டு தடவை வடிச்சாச்சு. சார், உப்பு பாத்துச் சொல்லுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் வெங்காயத்தை என் தட்டுக்குத் தள்ளி, ஒரு ஸ்பூன் எடுத்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிக் காட்டினார். கம்மி. “நானும் அதான் சார் நெனச்சேன்” என்று மாஸ்டர் உப்பெடுக்க ஓடினார்.

நாலாவது ஸ்பூனில் புரையேறியது. நிற்கவே இல்லை. பாட்டு முடிந்த நேரம் பார்த்து வந்த இருமல், கூடம் முழுக்கக் கேட்டது. பக்கத்து மேசை அம்மா குழந்தையின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குப் பாடகி மேசை மேசையாக வந்து என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டாள். இவர் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் நான் முந்திக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து இவர் கேட்கும் அந்தத் தமிழ்ப் பாட்டின் முதல் வரியைச் சொன்னேன். இவர் மேசையில் தட்டினார். இல்லை.

“ஸாரி அங்கிள். இன்னொரு தடவ சொல்லுங்க, மெதுவா. அவசரமே இல்ல” என்று அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நாலாவது தடவையில் பிடித்துவிட்டாள். “அய்யோ, கன்னடப் பாட்டு! எங்கப்பா எப்பவும் பாடற பாட்டு அங்கிள் அது!”

நான் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன் பொம்மசந்திராவில் நாலு பேரோடு அறையெடுத்திருந்த காலத்துப் பாட்டாம், போனில் தட்டிக் காட்டினார். அவள் பாட, இவரும் கூடவே பாடினார். ஒரு சொல்லும் சரியாக வரவில்லை. ராகம் எங்கேயும் விலகவில்லை. கடைசி வரி வரை பாடினார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தட்டில் இருந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு வீட்டுக்குக் கார் பிடித்தோம், 810 ரூபாய். சில்க் போர்டு தாண்டியதும் போனில் தட்டிக் காட்டினார்: “உப்பு போட்டதும் சரியா இருந்துச்சு.”

போகிறவர்களுக்கு: முதல் நாளே போன் செய்து, அரைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். 12:15க்குள் போய்விட்டால் சமையற்காரருக்குக் காதுகொடுத்துக் கேட்க நேரம் இருக்கும். சின்ன ஸ்பூன், சொந்த வடிகட்டி, இரண்டு துண்டு எடுத்துப் போங்கள். மேடைப் பக்கம் வேண்டாம், ஓர மேசை கேளுங்கள். இவரைக் கேட்டால் மேடைப் பக்கம்தான் என்பார்.

கோயம்புத்தூரில் படிக்கும் மகனும் நாத்தனாரும் ஆபரேஷனுக்கு லீவு போட்டாயிற்று. இந்தப் பதிவுகளை வீட்டில் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதலாம். செவ்வாய்க்கிழமை டாக்டர் கேட்கும்போது நான் வாயைத் திறக்கப்போவதில்லை. இவர் சொல்லட்டும். புரியாவிட்டால் டாக்டர் நாலு தடவை கேட்கட்டும். வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கூடவே எழுந்து வந்துவிடுவேன்.