எழுந்து நின்ற கல்யாணப் பந்தி

எங்கள் அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இலுப்பூர் சந்தைக்குப் போய்வந்த களைப்பில் அம்மாவை வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவார். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே, "நான் பேசுனது தப்புத்தான், மனசுல வச்சுக்காத" என்பார். அம்மா சும்மா விடுவாரா? "அத முன்னாடியே யோசிக்கிறது" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார். சொந்தக்காரர்கள் அப்பாவைப் பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த என் தம்பிதான் இலை போட்டான். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்கு நுனி இலை போடுவதுதான் மரியாதை. இவன் அவசரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு நுனியில்லாத துண்டு இலையைப் போட்டுவிட்டான்.

"இதுதான் ஒங்க வீட்டு மரியாதையா? எந்திரிங்கடா, போவோம்" என்று அவர் எழுந்துவிட்டார். பந்தியே எழுந்து நின்றது. அப்படி எழுந்துபோனவர்கள் பெண்ணை வருஷக்கணக்கில் பிறந்த வீட்டுப் பக்கமே அனுப்பாத கதைகளை நான் கேட்டிருக்கிறேன்.

என் சித்தப்பா மகன்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அந்த வயசில் வேறென்ன தோன்றும்? தம்பி மட்டும் நேரே பெரியவர் முன்னால் போய் நின்றான்.

"தப்பு என்னுதுதான் மாமா. பாக்காமப் போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க, ஒக்காருங்க."

அழவில்லை, கூனிக் குறுகவும் இல்லை. அம்மாவிடம் அப்பா தப்பை ஒத்துக்கொள்கிற அதே குரல். பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, நல்ல எலையா ஒண்ணு கொண்டாப்பா" என்று உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா சாம்பார் வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றார். எங்கள் தாத்தாவைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. உப்புக் குறைந்தால் சோற்றுத் தட்டை வீசிவிட்டுப் போகிறவர் என்று ஊரார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா வாயிலேர்ந்து இந்த ஒரு சொல்லு வராதான்னு எங்க ஆத்தா சாகுற வரைக்கும் காத்துக்கெடந்துச்சு" என்றார்.